பெடலைக் காக்கும் டையோடு: பட்டியலில் உள்ளது கிடைக்காவிட்டால் எதைப் போடலாம்?

கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடலை வீட்டிலேயே கட்டுவதற்கான வரைபடங்களில் 9 வோல்ட் நுழையும் இடத்தில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு இருக்கும். பெரும்பாலும் 1என்4001 அல்லது 1என்5817 என்று எழுதியிருப்பார்கள். வேலூரில் மிக்சி, டிவி பழுதுபார்ப்பவர்கள் உதிரிபாகம் வாங்கும் கடையில் கேட்டால், சட்டென்று எடுத்துத் தருவது 1என்4007 ஆகத்தான் இருக்கும். அதை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு டையோடுக்காகக் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அதை எந்த இடத்தில் போடுகிறோம் என்பதைப் புரிந்துகொண்டு போட வேண்டும்.

எதிலிருந்து காக்கிறோம்? பெடல் அடாப்டரின் பிளக்கில் வழக்கமாக நடுமுனை நெகட்டிவ். வைஃபை ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரிலும், யமஹா கீபோர்டுகள் பலவற்றின் அடாப்டரிலும் நடுமுனை பாசிட்டிவ். பிளக் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். பல சமயம் பொருந்தியும்விடும். ஞாயிறு ஆராதனைக்கு முன் மேடையில் எல்லா அடாப்டர்களும் ஒரே பலகையில் செருகிக் கிடக்கும்போது மாறிப்போவது மிக எளிது. மாறினால் ஐசியும் எலெக்ட்ரோலிடிக் கபாசிட்டரும் போய்விடும்.

முதல் வேலை, வரைபடத்தில் டையோடு நிற்கும் விதத்தைப் பார்ப்பது. பாசிட்டிவ் கம்பியிலேயே குறுக்கிட்டு, மின்சாரம் முழுவதும் தன் வழியாகப் போகும்படி நின்றால் அது தொடர் இணைப்பு. பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே நின்றால் பக்க இணைப்பு.

பக்க இணைப்பில் 1என்4001க்குப் பதில் 1என்4007 தாராளமாகப் போடலாம். இரண்டும் 1 ஆம்பியர் தாங்கும். எதிர்த்திசையில் முன்னது 50 வோல்ட், பின்னது 1000 வோல்ட் தாங்கும், அவ்வளவே. சிறிய கண்ணாடி டையோடான 1என்4148 இங்கே வேண்டாம். அடாப்டர் தலைகீழானால் இந்த டையோடு அதை ஷார்ட் செய்தே பெடலைக் காக்கிறது. அந்த மின்னோட்டத்துக்கு 1என்4148 ஈடுகொடுக்காது. சொல்லப்போனால், 2 ஆம்பியர் அடாப்டர் தொடர்ந்து இணைந்திருந்தால் 1என்4007கூடக் கருகலாம். அதனால் பக்க இணைப்பில், அடாப்டர் செருகும் ஜாக்கிலிருந்து வரும் பாசிட்டிவில், டையோடுக்கு முன்பாக, 47 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். 10 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஓவர்டிரைவ் பெடலில் அது விழுங்குவது அரை வோல்ட்டுக்கும் குறைவு. தலைகீழானால் முதலில் கருகுவது அந்த மலிவான ரெசிஸ்டர்தான்.

எனக்குப் பிடித்தது தொடர் இணைப்பே. தலைகீழானால் வழி அடைபடும். எதுவும் சூடாகாது, எதுவும் கருகாது. அதற்கான விலை சிறிதளவு வோல்ட். 1என்4007 ஏறத்தாழ 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். ஷாட்கி வகையான 1என்5817 அதில் பாதியைக்கூட எடுக்காது. 1என்5817 இல்லையென்றால் 1என்5819 கேளுங்கள். அது 20 வோல்ட்டுக்குப் பதில் 40 வோல்ட் தாங்கும். பெடலுக்கு வேறுபாடே தெரியாது. அதுவும் இல்லையென்றால் 1என்4007ஐயே தொடரில் போடுங்கள். 8.3 வோல்ட்டில் டிஸ்டார்ஷன் பெடல் நன்றாகவே ஒலிக்கும். ஒலி தெளிவாக எழ வேண்டிய பூஸ்டரில் மட்டும் ஷாட்கிக்காகக் காத்திருப்பது நல்லது.

வாங்கியதை மல்டிமீட்டரின் டையோடு நிலையில் சோதியுங்கள். டையோடின் உடலில் ஒரு முனையில் கோடு இருக்கும். சிவப்பு முனை கோடு இல்லாத காலில், கறுப்பு முனை கோடு உள்ள காலில். 1என்4007 சுமார் 0.5 முதல் 0.6 காட்டும், ஷாட்கி 0.2 அளவில். முனைகளை மாற்றினால் எதுவும் காட்டக் கூடாது.

இனி சால்டரிங். தொடர் இணைப்பில் கோடு சர்க்யூட்டைப் பார்க்க வேண்டும். கோடில்லாத கால் ஜாக்கின் பாசிட்டிவுக்கு. பக்க இணைப்பில் கோடு பாசிட்டிவுக்கு, மறுகால் கிரவுண்டுக்கு. தொடரில் திருப்பிப் போட்டால் பெடல் உயிர் பெறாது, அவ்வளவுதான். பக்கத்தில் திருப்பிப் போட்டால் சரியான அடாப்டரையே ஷார்ட் செய்துவிடும். பாசிட்டிவே கிரவுண்டாக இருக்கும் பிஎன்பி டிரான்சிஸ்டர் ஃபஸ் பெடல் கட்டுகிறீர்கள் என்றால் மேலே சொன்ன திசை பொருந்தாது. அந்த வரைபடத்தில் உள்ளபடியே போடுங்கள்.

கடைசியாகச் சோதனை. ஐசியைச் சாக்கெட்டில் செருகாமல் வையுங்கள். பழைய 9 வோல்ட் பேட்டரியைத் தலைகீழாக ஒரு கணம் மட்டும் தொட்டு, டையோடைத் தாண்டிய இடத்தில் அளவெடுங்கள். தொடர் இணைப்பில் பூஜ்யத்தை ஒட்டியும், பக்க இணைப்பில் மைனஸ் 1 வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். ஷாட்கியை மட்டும் தனியாகப் பிடித்து அளந்தால் மீட்டர் சில வோல்ட் காட்டிப் பயமுறுத்தலாம். அது மிகச் சிறிய கசிவு. எங்கள் ஊர்க் கத்திரி வெயிலில் இன்னும் கூடும். சர்க்யூட்டின் மற்ற ரெசிஸ்டர்கள் இணைந்திருக்கும்போது அளந்தால் அந்த எண் விழுந்துவிடும்.

அளவு சரியாக இருந்தால் பேட்டரியை நேராக மாட்டி, வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐசியைச் செருகலாம். இந்த டையோடு திசை மாறுவதை மட்டுமே தடுக்கும், கூடுதல் வோல்ட்டைத் தடுக்காது. வோல்ட்டை உள்ளுக்குள்ளேயே மாற்றித் தரும் ஐசிஎல்7660 போன்ற சார்ஜ் பம்ப் ஐசி உள்ள பெடலில், நடுமுனை நெகட்டிவாகவே இருந்தாலும் 12 வோல்ட் அடாப்டரைச் செருகாதீர்கள்.