கழற்றினதை எறியாதேங்கோ: ரொறன்ரோவில் முதல் கார் வாங்கப்போகிறவர்களுக்கு

போன மாதம் அக்காவின் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கினான். குளிருக்கு ஜக்கெற் வாங்கவில்லை, பாங்கில் கணக்குத் திறக்கவில்லை, அதற்குள் ஒரு கேள்வி: "மாமா, இங்க சிவிக் ஒண்டு எவ்வளவு போகும்? எடுத்துப் பதிச்சு விடலாமோ?" பதிக்கிறது என்றால் ஸ்பிறிங்கை மாற்றிக் காரை நிலத்தோடு ஒட்ட இறக்குவது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் இதை நான் காசு கட்டிப் படித்தவன்.

அலுவலகக் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஊர் லைசன்ஸை இங்கே அப்படியே மாற்றித் தரமாட்டார்கள். எழுத்துப் பரீட்சை, பிறகு றோட்டில் ஓடிக் காட்டவேண்டும். ஊரில் எத்தனை வருடம் ஓடினீர்கள் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வந்தால் காத்திருக்கும் காலம் குறையும். காரைப் பார்க்கப் போகும் முன் இன்சூரன்ஸுக்கு விலை கேளுங்கள். ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோ, பிரம்ரன் முகவரிக்குச் சொல்லும் கணக்கில் காரை மறந்துவிட்டு பஸ் பாஸ் வாங்கலாமோ என்று தோன்றும். தனியாளிடம் வாங்கினால், விற்கிறவர் 20 டொலர் கட்டி அந்தக் காரின் தகவல் பொதியை எடுத்துத் தரவேண்டும், அது சட்டம். ஒன்ராறியோ மாகாணத்தில் கார் யார் யார் பெயரில் இருந்தது, அதன்மேல் கடன் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். நம்பர் பிளேற் காரோடு வராது, விற்றவரோடு போய்விடும். ஆறு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றவேண்டும். பிளேற் போட்டு ஓட, கராஜில் காரைச் சோதித்துத் தருகிற 'சேஃப்ரி' சான்றிதழ் வேண்டும், அதற்கு ஆயுள் 36 நாள். சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் ஊரில் காரில் கைவைப்பது கெட்டித்தனம். 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சூப்பிப் போத்தலில் இத்துணூண்டு பெற்றோல் எடுத்து காபரேற்றருக்குள் பீச்சி, ஸ்ராட் ஆனதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். பின்னால் வருகிறவனுக்குக் கண் எரியும். அந்தக் கார் அவருக்கு முன்னம் மூன்று பேரிடம் இருந்தது, ஒவ்வொருவரும் எதையோ மாற்றித்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் வாங்க வருகிறவன் "நல்லாச் செய்து வைச்சிருக்கிறியள்" என்றுதான் சொல்லுவான். ஸ்பீக்கர் போட்டால், றிம் போட்டால் விலையில் பத்தாயிரம் ஏற்றிக் கேட்கலாம். அந்த நினைப்பை நான் பெட்டியோடு விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

2018இல் ஐந்து வயதான, 2013ஆம் ஆண்டு சிவிக் ஒன்று வாங்கினேன். 10,500 டொலர். முதல் சம்பளங்களில் சேர்த்த காசு. அந்தக் காரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. முதலில் 17 அங்குல றிம். பிறகு இறக்குகிற ஸ்பிறிங். பிறகு சைலன்சர், இங்கே மஃப்ளர் என்கிறார்கள். கடைசியாக, முன் கதவுக் கண்ணாடிகளுக்கும் சேர்த்துக் கறுப்புத் தாள், அதுதான் ரின்ற். இரண்டு வருடத்தில் 3,800 டொலர் போனது. சனிக்கிழமை பின்னேரம் மார்க்கம் றோட்டில் போகும்போது பொடியங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பொய் சொல்லக்கூடாது, அது நன்றாகத்தான் இருந்தது.

ஸ்பிறிங்கும் மஃப்ளரும் மாற்றி முடித்த அன்று கராஜில் ஒரு தம்பி கேட்டான். "அண்ணை, பழைய சாமானை என்ன செய்ய?" காருக்குப் பின்னால் சுவரோரம் நாலு ஸ்பிறிங்கும் பழைய மஃப்ளரும் கிடந்தன. மஃப்ளரில் உப்புப் பிடித்து மேல் தோல் உரிந்திருந்தது. நான் அப்போது இருந்தது ஒரு பேஸ்மென்ற்றில், சமையல் சாமான் வைக்கவே இடமில்லை. "நீங்களே வைச்சிருங்கோ" என்றேன். பழைய றிம்மையும் ரயரோடு அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஒரு சொல்தான் எனக்கு விழுந்த அடி.

2022இல் மகள் பிறந்தாள், பெரிய வாகனம் தேவைப்பட்டது. சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார் கிடைக்காமல், பழைய காரெல்லாம் நெருப்பு விலைக்குப் போன காலம். என் காரின் வயதுச் சிவிக், ஒன்றும் மாற்றாதது, பத்தாயிரத்துக்குக் கிட்டப் போய்க்கொண்டிருந்தது. நான் 12,000 போட்டேன். செய்த செலவில் பாதியாவது வரவேண்டாமா?

முதல் வாரம் வந்த அழைப்பெல்லாம் இருபது வயதுப் பொடியங்கள். "புறோ, ஏழுக்குத் தருவீங்களா?" அவர்களிடம் காசில்லை, இன்சூரன்ஸும் கிடையாது, சும்மா ஓடிப் பார்க்க ஆசை. வசதியான ஆட்கள் படத்தைப் பார்த்ததோடு சரி. இரண்டாவது வாரம் ஒரு ஐயா வந்தார், பருத்தித்துறைப் பக்கம். கூட மகள், யூனிவெர்சிற்றிக்குப் போக அவளுக்குக் கார் தேவை. காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். குனிந்து மஃப்ளர் குழாய்க்குள் விரலை விட்டு, கரியைப் பெருவிரலில் தேய்த்துப் பார்த்தார். ரயரின் உட்பக்கத்தை கையால் தடவினார். உட்பக்கம் தேய்ந்து மொட்டையாக இருந்தது. அதை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தம்பி, இது ரேஸ் ஓடின காரோ?"

"இல்லை ஐயா, நான் வேலைக்குத்தான் ஓடுறனான்."

"அப்ப ஏன் இப்பிடிச் செய்தனீர்?"

என்ன சொல்ல? வடிவுக்கு என்றேன். அவர் சிரித்தார். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. "வடிவாத்தான் இருக்கு. ஆனா என்ர பிள்ளைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மகள் திரும்பி அந்த றிம்மை ஒருதரம் பார்த்தாள். அவளுக்கு விருப்பம்தான். காசு கட்டுகிறது அப்பா.

அன்றிரவு யோசித்தேன். அவர் றிம்மைக் குறை சொல்லவில்லை, ஸ்பிறிங்கையும் குறை சொல்லவில்லை. அவருக்கு என்னைத்தான் நம்ப முடியவில்லை. காரை இறக்கினவன் அதை எப்படி ஓடியிருப்பான்? ரின்ற் ஒட்டினவன் எதை மறைக்கிறான்? நானே எங்கேயாவது வயரை வெட்டி ஒட்டியிருப்பேனோ? எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றிய துண்டெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன், அவர் அதைக் கேட்கவே இல்லை. கார் முழுதும் வேறு நிறத் தாள் ஒட்டி 'ராப்' செய்தவர்களுக்கு இன்னும் மோசம். காரின் பதிவுத் தாளான பெர்மிற்றில் ஒரு நிறம், கண்முன்னால் வேறு நிறம் என்றால், அடிபட்ட கார் என்றுதான் எவனும் நினைப்பான்.

டீலரிடம் கொண்டுபோனாலும் நிலைமை மாறாது. அவர்கள் ஒரு விலைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள், அதில் றிம்முக்கு என்று ஒரு வரி கிடையாது. எனக்குச் சொன்ன விலை ஐயாயிரத்துச் சொச்சம்.

சரி, சேஃப்ரி எடுத்துக்கொண்டே விற்போம் என்று ஒரு கராஜுக்குப் போனேன். ஸ்ரியரிங்கை முழுதாக வெட்டினால் முன் ரயர் உள் கவசத்தில் உரசியது, அது பெயில். மஃப்ளர் பெயில். இந்த மாகாணத்தின் நெடுஞ்சாலைச் சட்டத்தில் மஃப்ளருக்கென்றே 75ஆம் பிரிவு இருக்கிறது. என்னென்ன போடக்கூடாது என்று அதில் வரிசையாகச் சொல்லும்போது 'ஹொலிவூட் மஃப்ளர்' என்றும் ஒரு பெயர் வருகிறது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. முன் ஜன்னலின் ரின்ற்றையும் உரிக்கச் சொன்னார். 2017இலிருந்து தயாரித்த காருக்கு விதி இன்னும் இறுக்கம்: முன் கதவுக் கண்ணாடியில் 70 வீத வெளிச்சம் உள்ளே போகவேண்டும், முன்னால் உள்ள பெரிய கண்ணாடியில் ஒட்டவே கூடாது. என்னுடையது பழைய கார், ஆனாலும் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் தெரியாத அளவுக்குக் கறுப்பு. பொலிஸ்காரர் பிடித்திருந்தாலும் ரிக்கற்தான்.

"பழைய ஸ்பிறிங் இருக்கா? இருந்தால் இரண்டு மணித்தியால வேலை" என்றார் கராஜ்காரர். நான் வாயைத் திறக்கவில்லை.

மாற்றிய கராஜுக்கு அழைத்துக் கேட்டேன். மூன்று வருடத்துக்கு முந்திய சாமான், எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. பிறகு இரண்டு சனிக்கிழமை, பழைய கார் உடைக்கிற யார்ட்டுகளில் சேற்றுக்குள் நடந்து என் காருக்குச் சரிவருகிற சாமான் தேடினேன். ஸ்பிறிங்கும், அதோடு அதிர்வு தாங்குகிற சொக்கும் 320 டொலர், மஃப்ளர் 180, ரயரோடு பழைய றிம் நாலும் 450, கூலி 400, ரின்ற் உரிக்க 120, சக்கர எலைன்மென்ற் 100. கூட்டினால் 1,570. மூன்று வருடத்துக்கு முன் சுவரோரம் சும்மா கிடந்த அதே சாமானுக்கு! என் 17 அங்குல றிம்மை விற்று 500 எடுத்தேன். இறக்குகிற ஸ்பிறிங்கை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் 8,200க்குப் போனது. வாங்கினவர் அதிலும் என்னைப் பிடித்தார். தனியாளிடம் வாங்கினாலும் இங்கே 13 வீத வரி உண்டு, நீங்கள் கொடுத்த விலைக்கும் அரசாங்கம் பார்க்கிற புத்தக விலைக்கும் எது கூடவோ அதற்குத்தான் கட்டவேண்டும். என் விலை புத்தக விலைக்குக் கீழே விழுந்திருந்தது. "குறைச்சுத் தந்ததுக்கும் நான் வரி கட்டவோ?" என்று கேட்டு இன்னொரு நூறு குறைத்துக்கொண்டு போனார்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இது என் நண்பனுக்கு நடந்தது. சஸ்பென்ஷன், மஃப்ளர் எல்லாம் மாற்றியிருந்தான், கொம்பனிக்குச் சொல்லவில்லை. 401 நெடுஞ்சாலையில் ஒரு காருக்குப் பின்னால் போய் இடித்துவிட்டான். கொம்பனியிலிருந்து பார்க்க வந்த ஆள் இடிபட்ட இடத்தைவிட காரின் அடியைத்தான் அதிகம் படம் எடுத்தாராம். ஆபத்து கூடுகிற மாதிரி எதை மாற்றினாலும் உடனே அறிவிக்கவேண்டும் என்பது பொலிஸியிலேயே இருக்கிறது. அவன் காருக்குக் கொம்பனி ஒரு சதமும் கொடுக்கவில்லை. சொன்னால் காசு கூட்டுவார்கள் என்ற பயத்தில்தான் எல்லோரும் மறைக்கிறோம். சொல்லுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். விற்கும்போது அந்தத் தாளும் உதவும்.

எதையுமே தொடாதே என்று மருமகனுக்கு நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டான், நான் கேட்டேனா? இந்த ஊரில் விலைக்கு உதவுகிற சில விஷயம் இருக்கிறது. இரும்பு றிம்மில் தனியாக ஒரு செற் பனிக்கால ரயர் வைத்திருந்தால் வாங்குகிறவன் முகம் மலரும். பக்கத்து மாகாணம் கியூபெக் மாதிரி இங்கே அது கட்டாயமில்லை, ஆனால் போட்டால் இன்சூரன்ஸில் கழிவு உண்டு. இன்னொன்று, வருடா வருடம் அடிப்பக்கம் எண்ணெய் அடித்துத் துருக் காப்பது. றோட்டில் கொட்டுகிற உப்பு காரை அடியிலிருந்து தின்னும். ஐந்து வருடத்து எண்ணெய் அடித்த ரசீது ஐந்தும் கையில் இருந்தால் அதைப்போல சாட்சி கிடையாது. வீட்டுக்குள் இருந்தே காரை ஸ்ராட் பண்ணுகிற றிமோட்டும் ஆட்களுக்கு விருப்பம், ஆனால் நல்ல இடத்தில் போட்டு ரசீது வைத்திருக்கவேண்டும். கண்டவன் வயரை வெட்டிப் போட்டால், இரண்டாம் குளிர்காலத்தில் டாஷ்போர்ட் லைற்றெல்லாம் கிறிஸ்மஸ் மரம்போல எரியும். காரை இறக்குவதைப் பற்றி ஒன்று: பனி தள்ளுகிற லொறி உங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போகிற வரம்பைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். நான் ஒரு தை மாதக் காலையில் அதன்மேல் ஏறி, நாலு சக்கரமும் அந்தரத்தில், வேலைக்குப் பிந்திப்போய் நின்றேன்.

நீங்கள் வாங்குகிற பக்கம் என்றால், மாற்றிய காரைப் பார்த்ததும் ஓடவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ஒரே கேள்வி கேளுங்கள்: "பழைய சாமான் எங்கே?" உடனே கராஜைத் திறந்து பெட்டியைக் காட்டுகிற ஆளிடம் விலை பேசலாம். என்னைப்போல முழுசினால், அந்த 1,570ஐ மனதில் கழித்துவிட்டுப் பேசுங்கள். 'ஆஸ்-இஸ்' என்று, சேஃப்ரி இல்லாமல் தருகிறவரிடம் இன்னும் கூடக் கழியுங்கள். ஊரான் என்ற முகத்துக்காக விடவேண்டாம்.

மருமகன் எல்லாம் கேட்டான். போன கிழமை ஒரு சிவிக்கும் எடுத்துவிட்டான். நேற்றுப் பின்னேரம் எங்கள் வாசலில் வந்து நின்றான், பின் சீற்றில் அந்தக் காரின் பழைய றிம் நாலு, புது றிம் ஏற்கெனவே காரில். "மாமா, உங்கட பேஸ்மென்ற்றில வைக்கலாமோ?" அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். மனைவி இன்னும் என்னோடு கதைக்கவில்லை.