நல்லா விளையாடிட்டு இருந்த பிள்ளை திடீர்னு கிரவுண்டுக்கு போகமாட்டேங்குதா? நாம பண்ற தப்புங்க

எட்டு வயசுல இருட்டினப்புறமும் கிரவுண்ட்லேர்ந்து இழுத்துட்டு வரவேண்டியிருந்த அதே பிள்ளை, பதிமூணு பதினாலு வயசுல ஷூவை மூலையில போட்டுட்டு ரூம் கதவை சாத்திக்குது. நம்ம வாயில வர்ற முதல் வார்த்தை "சோம்பேறி", அடுத்தது "எல்லாம் அந்த போனால". முதல் தப்பு இதுதாங்க. உலக சுகாதார அமைப்பு 146 நாட்டு கணக்கை அலசி 2019ல வெளியிட்டதுல, 11லேர்ந்து 17 வயசுக்காரங்கள்ல 81 சதவீதம் பேர் தினம் ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கணும்ங்கற அளவைத் தொடவே இல்ல. பொண்ணுங்க 85, பசங்க 78. அஞ்சுல நாலு பேர் சோம்பேறியாவா பொறந்துட்டாங்க?

அந்த வயசுல என்ன மாறுதுன்னா, நாலு பேர் நம்மள பார்க்குறாங்கங்கற நெனப்பு வந்து தலையில உக்காந்துக்குது. டேவிட் எல்கைண்ட்னு ஒரு உளவியலாளர் 1967லயே இதப் பத்தி எழுதியிருக்கார், டீன் ஏஜ் பிள்ளை எப்பவும் ஒரு கற்பனைக் கூட்டத்துக்கு முன்னாடியே வாழுதுன்னு. எட்டு வயசுல கேட்ச் விட்டா கேட்ச் மட்டும்தான் போச்சு, பதினாலு வயசுல விட்டா மானமே போச்சு. இது புரியலைன்னா நாம பண்ற அத்தனையும் தப்பாத்தான் போகும்.

எல்லார் முன்னாடியும் கத்தி திருத்தறத எடுத்துக்கங்க. கோச்சும் பண்றார், ஓரமா நிக்கிற அப்பாவும் பண்றார். கோச் எப்படி பேசறார்ங்கறது எவ்ளோ முக்கியம்னு 1992ல சிறுவர் பேஸ்பால் டீம்களை வெச்சு பார்த்திருக்காங்க. சில கோச்சுங்களுக்கு மட்டும் நல்லா பண்ணினா சொல்லுங்க, தப்பு பண்ணினா தைரியம் குடுத்து எப்படி சரி பண்றதுன்னு காட்டுங்கன்னு ஒரு சின்ன பயிற்சி குடுத்தாங்க. அவங்க டீம்ல அடுத்த சீசன்ல நின்னுபோனது 5 சதவீதம் பேர், மத்த டீம்ல 26 சதவீதம். இதுல எனக்கு பிடிச்ச விஷயமே, ரெண்டு பக்கமும் ஜெயிச்ச கணக்குல பெரிய வித்தியாசமே இல்ல! கத்தினாத்தான் ஜெயிக்கும்னு சொல்றவங்க இத கொஞ்சம் யோசிக்கணும்.

அப்புறம் மேட்ச் முடிஞ்சு வண்டியில ஏறினதும் ஆரம்பிக்கிற போஸ்ட்மார்ட்டம். அந்த பால ஏன் பாஸ் பண்ணல, அவன் மட்டும் எப்படி கோல் போட்டான்னு. அது ஏற்கனவே மனசுக்குள்ள நூறு வாட்டி ஓட்டிப் பார்த்து நொந்து போயிருக்கும், நாம நூத்தியோராவது வாட்டி ஓட்டறோம். நானும் பண்ணியிருக்கேன், பேச்சு வீட்டு வாசல் வரைக்கும் ஓடும், பதில் ஒண்ணும் வராது.

ஃப்ரெண்ட்ஸுக்காக விளையாடறத கேவலமா நெனைக்கிறதும் தப்பு. "அவன் போனா நீயும் போவியா?"ன்னு கேக்கறோம், ஆமா போவான், அதுல என்ன தப்பு? அமெரிக்காவுல அமாண்டா விசெக்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு, கால்பந்து ஆடற பிள்ளைங்ககிட்ட எது ஜாலின்னு கேட்டு 81 காரணம் தொகுத்தாங்க, ஜெயிக்கிறது 48ஆவது இடத்துலதான் வந்துச்சு. டீம்ல ஒத்துமை, முழு மூச்சா முயற்சி பண்றது, கோச் நல்லபடியா நடத்தறது இதெல்லாம் மேல இருந்துச்சு. நல்லா ஆடறான்னு கூட்டாளிங்ககிட்டேர்ந்து பிரிச்சு பெரிய டீம்ல போடறோமே, அங்கயே பல பேருக்கு ஆசை விட்டுப்போயிடும்.

பொண்ணுங்க விஷயத்துல பல பேர் கேக்கவே கூச்சப்படற ஒண்ணு இருக்கு. யூனிஃபார்ம், பீரியட்ஸ், உடம்பு மாறறப்போ ஓட வர்ற தயக்கம். வெள்ளை டிரஸ்தான் போடணும்ங்கற விம்பிள்டன் டென்னிஸ்லயே, வெள்ளைப் பாவாடைக்குள்ள அடர் நிற ஷார்ட்ஸ் போட்டுக்கலாம்னு 2023லதான் பெண்களுக்கு விதிய தளர்த்தினாங்க. உலக வீராங்கனைகளுக்கே கறை தெரிஞ்சிடுமோங்கற பயம் இருந்திருக்குன்னா பதிமூணு வயசு பொண்ணு "வயிறு வலிக்குது, நான் வரல"ன்னு சொல்றதுல என்ன ஆச்சரியம்? டிரஸ்ஸ மாத்திக் குடுத்தாலே திரும்பி வர்ற பொண்ணுங்க இருக்காங்க.

பசங்களுக்கு வேற கதை. பொண்ணுங்களவிட சுமார் ரெண்டு வருஷம் லேட்டாத்தான் சட்டுனு வளர்வாங்க, அதுலயும் ஒரே வகுப்புல ஒருத்தன் ஆளா நிப்பான், இன்னொருத்தன் குழந்தையா நிப்பான். உயரத்தப் பார்த்து டீம் எடுக்கிற கோச், லேட்டா வளர்றவன "திறமை இல்ல"ன்னு ஒதுக்கிடறார், அவனும் அத நம்பிடறான். கிடுகிடுன்னு வளர்றப்போ கை கால் கொஞ்ச நாள் சொன்ன பேச்சு கேக்காது, அதுக்குப் போய் கவனமில்லன்னு திட்டு வேற.

பத்து வயசுலயே ஒரே விளையாட்டுல கட்டிப் போடறதும் உண்டு. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 15, 16 வயசு வரைக்கும் பொறுங்கன்னு 2016லயே சொல்லிடுச்சு.

கடைசியா ஒண்ணு, "ஏன் போகல?"ன்னு நேரா கேக்காதீங்க. "சும்மா"ன்னுதான் வரும். இப்ப டீம்ல யார் யாரெல்லாம் இருக்காங்கன்னு பேச்சுவாக்குல கேட்டுப் பாருங்க. பழைய பேர் ஒண்ணு கூட வரலைன்னாலோ, ஒரு பேர் வந்ததும் முகம் மாறினாலோ விஷயம் அங்கதான் இருக்கு.