‘ரிட்டர்ன்’ சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டோவில் போகும்போது “லெஃப்ட்ல திரும்புங்க” என்கிறோம். “அவர் ஊருக்குத் திரும்பிட்டார்” என்கிறோம். காதில் சரியாக விழாவிட்டால் “திரும்பச் சொல்லுங்க” என்கிறோம். ஒரே ‘திரும்பு’ மூன்று வேலைகளைச் செய்கிறது. ஆங்கிலத்தில் இந்த மூன்றில் நடுவில் உள்ளதற்கு மட்டும்தான் ‘ரிட்டர்ன்’. முதலாவதற்கு ‘டர்ன்’. மூன்றாவதற்கு ‘அகெய்ன்’ அல்லது ‘ரிப்பீட்’.

இந்தச் சொல்லில் நாம் செய்யும் பிழைகளில் பல இங்கிருந்துதான் கிளம்புகின்றன. நன்றாகப் படித்தவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள். “ஹி ரிட்டர்ன்ட் அண்ட் லுக்ட் அட் மீ” என்று ஒரு மாணவர் எழுதுகிறார். அவர் மனதில் இருப்பது ‘திரும்பிப் பார்த்தான்’. ஆங்கிலம் படிப்பவருக்கோ, அவன் எங்கோ போய்விட்டு வந்து அப்புறம் பார்த்தான் என்று கேட்கும். அங்கே வேண்டியது ‘டர்ன்ட்’. உடம்போ தலையோ திரும்பினால் டர்ன். போன இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ரிட்டர்ன்.

அடுத்தது, எல்லோரும் செய்வது: ‘ரிட்டர்ன் பேக்’. “ஐ வில் ரிட்டர்ன் பேக் டுமாரோ” என்ற வரியை அலுவலக மெயில்களில் அடிக்கடி பார்க்கலாம். தமிழில் ‘திரும்பி வருவேன்’ என்று இரண்டு சொல்லாகப் பேசிப் பழகிய மனம் ஆங்கிலத்திலும் இரண்டாவது சொல்லைத் தேடுகிறது. ஆனால் ‘பேக்’ ஏற்கெனவே ரிட்டர்னுக்குள் இருக்கிறது. லத்தீனில் ‘டோர்னாரே’ என்றால் கடைசல் பட்டறையில் வைத்துச் சுழற்றுவது. அதன் முன்னால் ‘பின்னோக்கி’ என்று பொருள்படும் ‘ரி’ சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ஆக, ‘ரிட்டர்ன் பேக்’ என்பது ‘நடு சென்டர்’ மாதிரி. “ஐ வில் ரிட்டர்ன் டுமாரோ” போதும். வீட்டில், நண்பர்களிடம் என்றால் “ஐ வில் கம் பேக்” இன்னும் இயல்பு. ரிட்டர்ன் கொஞ்சம் விறைப்பான சொல். ‘ரிப்ளை பேக்’, ‘ரிப்பீட் அகெய்ன்’ ஆகியவற்றிலும் இதே இரட்டிப்புதான்.

‘ரிவர்ட்’ பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். “ப்ளீஸ் ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட்” என்றால் இந்தியாவில், சிங்கப்பூரில், மலேசியாவில் ‘சீக்கிரம் பதில் போடுங்கள்’ என்று எல்லோருக்கும் புரியும். இங்கே அது நிலைத்துவிட்ட வழக்கு, அதை ஒரேயடியாகத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவருக்கு ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குப் போவது. “வீ வில் ரிவர்ட் ஆன் தி டிசைன்” என்று எழுதினால், செய்த மாற்றத்தை எல்லாம் அழித்துவிட்டுப் பழைய டிசைனுக்கே போகப்போகிறார்கள் என்று அவர் பதறக்கூடும். வெளிநாட்டுக்கு எழுதும்போது ‘ரிப்ளை’ என்றே எழுதுங்கள்.

‘டு’ எங்கே வரும்? “ரிட்டர்ன்ட் டு சென்னை” சரி. “ரிட்டர்ன்ட் டு ஹோம்” சரியில்லை. ஹோம், ஹியர், தேர் ஆகியவற்றுக்கு முன்னால் ‘டு’ வேண்டாம்.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. தமிழில் தானாகத் திரும்பினால் ‘திரும்பு’, ஒன்றைத் திருப்பினால் ‘திருப்பு’. ஓர் எழுத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரிட்டர்ன்தான். எதைத் திருப்புகிறோம் என்ற பொருளைச் சொன்னால்தான் வித்தியாசம் தெரியும். லேப்டாப்பை எடுத்துப்போன சக ஊழியருக்கு “ப்ளீஸ் ரிட்டர்ன் பை ஃப்ரைடே” என்று அனுப்பினால், வெள்ளிக்கிழமைக்குள் லேப்டாப் வர வேண்டுமா, அவர் வர வேண்டுமா? ‘ரிட்டர்ன் இட்’ என்று இரண்டெழுத்துச் சொல் ஒன்றைச் சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது. அதேபோல “ரிட்டர்ன் மீ தி புக்” என்பதைவிட “ரிட்டர்ன் தி புக் டு மீ” என்பதே இயல்பான வரிசை.

‘இன் ரிட்டர்ன்’ என்றால் பதிலுக்கு, கைமாறாக. ‘ஆன் மை ரிட்டர்ன்’ என்றால் நான் வந்ததும். விடுப்புக் கடிதத்தில் “ஐ வில் ஃபினிஷ் தி வொர்க் இன் மை ரிட்டர்ன்” என்று எழுதாதீர்கள்.

பெயர்ச்சொல்லாக வரும்போது குழப்பம் பணத்தோடு சேர்ந்து வருகிறது. “இன்னும் ஐடி ரிட்டர்ன் வரலை” என்று சொல்பவர்கள் நிறைய. வர வேண்டியது ‘ரீஃபண்ட்’, அதாவது கூடுதலாகப் பிடித்த வரித்தொகை. ரிட்டர்ன் என்பது நாம் அரசுக்குத் தரும் கணக்கு. இது வெறும் சொல் பிழையோடு நிற்பதில்லை. “எனக்குத் திரும்பி வர வேண்டிய பணம் எதுவும் இல்லையே, நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?” என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. கணக்குத் தாக்கல் செய்யும் கடமை உள்ளவர் கெடு தேதியைத் தவறவிட்டால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் விழும். பணம் வர வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், கடமை உள்ளவர் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கணக்குக்கு ஏன் ரிட்டர்ன் என்று பெயர்? மேலிடத்திலிருந்து வந்த ஆணைக்கு, கேட்ட விவரத்தை எழுதித் திருப்பி அனுப்புவதே இந்த ரிட்டர்ன். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் அரசர் தேர்தல் நடத்தச் சொல்லி, அந்தந்தப் பகுதியின் அதிகாரியான ஷெரிஃபுக்கு ஆணை அனுப்புவார். தேர்வானவரின் பெயரை எழுதி ஷெரிஃப் அதைத் திருப்பி அனுப்புவார். அதனால்தான் தமிழ்நாட்டில் ‘தேர்தல் நடத்தும் அலுவலர்’ என்றும் இலங்கையில் ‘தெரிவத்தாட்சி அலுவலர்’ என்றும் சொல்லப்படுபவருக்கு ஆங்கிலத்தில் ‘ரிட்டர்னிங் ஆஃபீசர்’ என்று பெயர். இந்தக் கதை தெரிந்தால் ஆங்கிலப் பத்திரிகையில் “ஷி வாஸ் ரிட்டர்ன்ட் அனப்போஸ்ட்” என்று வரும்போது தடுமாற மாட்டோம். அவரை யாரும் திருப்பி அனுப்பிவிடவில்லை, போட்டியின்றித் தேர்வாகியிருக்கிறார். ஆனால் ‘செக் ரிட்டர்ன்’ என்றால் காசோலை உண்மையிலேயே பணமாகாமல் வந்துவிட்டது. முதலீட்டில் ரிட்டர்ன் என்றால் போட்ட பணத்தின் மேல் கிடைக்கும் வருவாய். இடம் பார்த்துத்தான் பொருள்.

‘ரிட்டர்ன் டிக்கெட்’ விஷயத்தில் நாமே இரண்டு பட்டிருக்கிறோம். பிரிட்டிஷ் வழக்கில் அது போக, வர இரண்டுக்கும் சேர்த்த டிக்கெட். அமெரிக்கர்கள் அதை ‘ரவுண்ட் டிரிப்’ என்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் வருவதற்கான டிக்கெட்டை மட்டும் அப்படிச் சொல்கிறோம். வேறொருவரை டிக்கெட் போடச் சொல்லும்போது ‘போக, வர ரெண்டுக்கும்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவதே நல்லது. வீட்டு விசேஷத்தில் கொடுக்கும் ‘ரிட்டர்ன் கிஃப்ட்’டும் அமெரிக்கர்களுக்குப் புரியாது. அவர்கள் கடைகளில் கிஃப்ட் ரிட்டர்ன் என்றால் பிடிக்காத பரிசைக் கொடுத்துவிட்டு வேறு வாங்குவது. அவர்களிடம் ‘பார்ட்டி ஃபேவர்’ என்று சொல்லுங்கள்.

கடைசியாக, ‘மெனி ஹேப்பி ரிட்டர்ன்ஸ் ஆஃப் தி டே’. இந்த மகிழ்ச்சியான நாள் உங்களுக்குப் பல முறை திரும்பத் திரும்ப வரட்டும் என்பது இதன் பொருள். அதனால் ‘ரிட்டர்ன்ஸ்’ என்று பன்மையில்தான் சொல்ல வேண்டும். பிறந்த நாளுக்குப் பொருந்தும், ஆண்டுதோறும் வரும் திருமண நாளுக்கும் பொருந்தும். ஆனால் கல்யாண மேடையில் மணமக்களின் கையைப் பிடித்து இதைச் சொல்லிவிடாதீர்கள். அந்த நாள் ஒரு முறைதான் வர வேண்டும் என்று நினைக்கும் இடம் அது. அங்கே ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ போதும். பிறந்த நாள் வாழ்த்துக்குப் பதிலாக ‘சேம் டு யூ’ என்பதும் வேண்டாம். வாழ்த்தியவருக்கும் அன்றே பிறந்த நாளாக இருந்தால் ஒழிய, ‘தேங்க் யூ’தான் பதில்.