பாடுகளின் வாரம்: வாசிப்பும் நடப்பும்

இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் நினைவுகூரும், ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரத்தில் குடும்ப ஜெபத்துக்கு மாற்கு சுவிசேஷத்தின் 11 முதல் 16 வரையுள்ள அதிகாரங்கள் போதும். நான்கு சுவிசேஷங்களையும் கலந்து வாசித்தால், இயேசுவின்மேல் தைலம் ஊற்றப்பட்ட பெத்தானியா விருந்து யோவானில் பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கு ஆறு நாள் முன்பும் மாற்கில் இரண்டு நாள் முன்பும் வருகிறதே என்று பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த ஆராய்ச்சியை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாற்கு கிட்டத்தட்ட நாள்வாரியாகவே சொல்லிக்கொண்டு போகிறார். குருத்தோலை ஞாயிறன்று 11:1-11, திங்களன்று 11:12-19. செவ்வாய்க்கு 11:20 தொடங்கி 13ஆம் அதிகாரம் முடிய. நீளம் அதிகம் என்பதால் காலை, இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். புதன் 14:1-11, வியாழன் 14:12-72, வெள்ளி 15ஆம் அதிகாரம். வாசித்து முடித்ததும் அன்றைக்குச் செய்யவேண்டிய ஒரே ஒரு காரியத்தை நோட்டில் எழுதுங்கள். 'இனி அன்பாக இருப்பேன்' என்று எழுதுவது பயன்படாது. யாருக்கு, எப்போது, என்ன என்று எழுதினால்தான் நடக்கும். தமக்காக அழவேண்டாம் என்று எருசலேமின் பெண்களிடம் சொன்னவருடைய வாரத்தை, அழுது முடித்துவிட்டு எழுந்துபோகிற வாரமாக நாம் ஆக்கிவிடுகிறோம்.

செவ்வாய்ப் பகுதியில் ஏழை விதவையின் இரண்டு காசு வருகிறது. காணிக்கைப் பிரசங்கங்கள் 12:41இல் தொடங்கும். நீங்கள் 12:38இலிருந்து வாசியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது யூத நியாயப்பிரமாணத்தைப் போதித்தவர்களை, இயேசு கண்டித்த உடனே அந்த விதவை வருகிறாள். ஆகவே கொடுப்பதைப் பற்றி முடிவெடுக்கும்போது, நம்மால் யாருடைய பணமாவது நிற்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு வேலை செய்பவரின் சம்பளப் பாக்கி, திருப்பித் தராத கைமாற்று இவை முதலில். காணிக்கைக் கவர் அதற்குப் பிறகு.

புதனுக்குரிய பகுதியிலும் இதே போல பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் தவறு நடக்கும். 300 பணத்துக்கு மேல் பெறுமான தைலம், அதாவது கூலியாளின் ஏறக்குறைய ஒரு வருட வருமானம், பெத்தானியாவில் ஒரு பெண் அதை இயேசுவின் தலையில் ஊற்றியபோது சுற்றியிருந்தவர்கள் முறுமுறுத்தார்கள். 'தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்' என்ற பாதி வசனத்தைச் சொல்லி உதவியைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. மனதுண்டாகும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்று அதே வசனம் தொடர்கிறது.

வியாழன் இரவுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே என்ற இடத்தில் ஜெபித்தபோது, தம்மோடு விழித்திருக்கும்படி சீஷர்களிடம் இயேசு கேட்டது ஒரு மணி நேரம். அதை 20 நிமிடமாக மூன்றாகப் பிரிக்கலாம். அவரும் மூன்று முறை போய் ஜெபித்தார். முதல் பகுதியில் வேண்டியதை ஒளிக்காமல் கேளுங்கள்: வேலை, கடன், பிள்ளையின் கல்யாணம். 'இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும்' என்று அவரே கேட்டிருக்கிறார். பலர் நேராக 'உம்முடைய சித்தம்' என்பதற்குத் தாவிவிடுவதால் மனதை அரிப்பது ஜெபத்துக்குள் வருவதே இல்லை. இரண்டாம் பகுதியில் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்லலாம் (14:39). புதிதாக வார்த்தை தேடவேண்டாம். கேட்டது கிடைக்காவிட்டாலும் அவர் சித்தத்துக்கு ஒப்புக்கொடுப்பது இப்போதுதான். மூன்றாம் பகுதியில் சும்மா இருந்து, கடைசியில் நாளைக் காலை செய்யவேண்டியதை எழுதுங்கள். 'எழுந்திருங்கள், போவோம்' என்றுதான் அந்த ஜெபம் முடிகிறது.

தூக்கம் வரத்தான் செய்யும். சீஷர்களும் பஸ்கா விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்தானே. படுக்கையில் உட்காராதீர்கள், இரவுச் சாப்பாட்டைக் குறையுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள், நடந்துகொண்டே சத்தமாக ஜெபியுங்கள். பழக்கமில்லாதவர்கள் 15 நிமிடத்தில் தொடங்கலாம்.

இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீஷன் பேதுரு விழுந்த வழியையும் 14ஆம் அதிகாரத்தில் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்: எல்லாரும் இடறினாலும் நான் இடறமாட்டேன் என்றது (29), தூங்கியது (37), தூரத்திலே பின்சென்றது, சேவகரோடு குளிர்காய்ந்தது (54). மறுதலிப்பு அதற்கப்புறம்தான். 'மறுதலிக்கமாட்டேன்' என்று பொருத்தனை செய்வதைவிட, விட்டுப்போன ஜெபத்தையும் மாறிப்போன கூட்டாளிகளையும் சரிசெய்வதே நடக்கிற காரியம்.

பெரிய வெள்ளியன்று 12 மணி முதல் 3 மணி வரை சபையில் நடக்கும் மும்மணி தியானத்தில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் கேட்போம். வீட்டுக்கு இரண்டை எடுத்துக்கொண்டால் போதும். தாயை யோவானிடம் ஒப்படைத்த வார்த்தையை வைத்து, உடன்பிறந்தவர்கள் அன்று மாலையே பேசுங்கள்: அம்மா யாரிடம் இருப்பார், மருந்துச் செலவு யாருடையது, ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது.

மற்றது 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்'. மன்னிப்பு என்றால் வாய்மூடிச் சகிப்பது என்று சொல்லி, அடிக்கிற கணவனிடமே பெண்ணைத் திருப்பி அனுப்புவது இந்த வசனத்துக்கு நேர்கிற பெரிய அநியாயம். விசாரணையில் கலிலேயாவை ஆண்ட ஏரோதின் கேள்விகளுக்கு மறுமொழி சொல்லாத அதே இயேசு, கன்னத்தில் அறைந்த சேவகனிடம் 'என்னை ஏன் அடிக்கிறாய்' என்று கேட்டார் (யோவான் 18:23). வீண் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் விடலாம். அநியாயத்தை அநியாயம் என்றே சொல்லவேண்டும். பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகும் மன்னிக்கலாம்.

சனிக்கிழமைக்குத் தனி வாசிப்பு தேவையில்லை, ஓய்ந்திருங்கள்.

ஈஸ்டர் காலையில் 16:7ஐக் கவனியுங்கள். கல்லறைக்கு வந்த பெண்களிடம், சீஷரிடத்துக்கும் பேதுருவினிடத்துக்கும் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லும்போது பேதுருவின் பெயர் தனியாக வருகிறது. பிறகு யோவான் 21இல், 'என்னை நேசிக்கிறாயா' என்று மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் மந்தையை இயேசு பேதுருவிடம் ஒப்படைக்கிறார். வெட்கப்பட்டு ஆராதனைக்கு வராமல் இருப்பவருக்கு அன்று போன் செய்யுங்கள். 'ஏன் வருவதில்லை' என்று ஆரம்பிக்காதீர்கள். 'அடுத்த ஞாயிறு நாற்காலி போட ஆள் வேண்டும், வர்றீங்களா?' என்று கேட்டால் வர வாய்ப்பு அதிகம்.