பழைய கடிதத்தத் திருத்தாதீங்க: ஜேரட் ஸ்பார்க்ஸ வச்சு கொஞ்சம் சொல்றேன்

பழைய கடிதங்கள ஸ்கேன் பாத்து டைப் பண்றது எங்க வேலை. போன மாசம் புதுசா வந்த மூணு பேர் டைப் பண்ணினத ஸ்கேனோட வச்சு வரி வரியா ஒப்பிட்டுப் பாத்தேன். எல்லாமே 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கடிதங்கள், காலேஜ் பிரசிடெண்ட்களுக்கு வந்தது, அவங்க எழுதினது. மூணு பேருமே நான் ஆரம்பத்துல பண்ணின அதே தப்பத்தான் பண்ணியிருந்தாங்க, அதுவும் கடிதத்துக்கு நல்லது பண்றதா நெனச்சு. கையெழுத்து புரியலன்னா கேள்விக்குறி போடுங்க, ஃபைலுக்கு ஒழுங்கா பேர் வைங்கங்கறதெல்லாம் யாரு வேணா சொல்லிடுவாங்க, அத விட்டுடறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஆள எடுத்துக்கறேன். ஜேரட் ஸ்பார்க்ஸ், 1849ல இருந்து 1853 வரைக்கும் ஹார்வர்ட் பிரசிடெண்ட்.

பதவியில இருந்த வருஷத்த மட்டும் தேடறது

நாலே வருஷந்தான் பிரசிடெண்ட். அதுக்கு முன்னாடி பால்டிமோர்ல பாதிரியார், அப்புறம் பத்திரிகை ஆசிரியர், அப்புறம் ஹார்வர்ட்லயே வரலாற்றுப் பேராசிரியர். அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனோட கடிதங்களுக்காக லண்டன், பாரிஸ்னு அலைஞ்சதும் பதவிக்கு ரொம்ப முன்னாடி. 1849க்கு முன்னாடி தேடலன்னா ஆளே கிடைக்க மாட்டார்.

அந்தக் காலத்து வார்த்தைய இன்னிக்கு அர்த்தத்துல படிக்கிறது

தேதி பக்கத்துல 'இன்ஸ்ட்'னு இருந்தா அது இன்ஸ்டிட்யூட் இல்ல, 'இந்த மாசம்'. 'அல்ட்'னு இருந்தா போன மாசம். மார்ச் 3ஆம் தேதி எழுதின கடிதத்துல '28 அல்ட்'னு வந்தா அது பிப்ரவரி 28. இத ஒருத்தர் மார்ச் 28னு போட்டதால, எழுதறதுக்கு முன்னாடியே பதில் வந்துட்ட மாதிரி ஆயிடுச்சு.

இதவிட ஆபத்து, நமக்குத் தெரிஞ்ச வார்த்தை மாதிரியே இருக்கறது. 1849ல சாரா பெல்லட்னு ஒரு பெண் ஹார்வர்ட்ல சேர இடம் கேட்டு எழுதினாங்க. ஸ்பார்க்ஸோட பதில், இத்தன ஆம்பளைங்க நடுவுல ஒரே ஒரு பொண்ணு 'ப்ராமிஸ்க்யுவஸ்லி' கலந்து இருக்கறது அவங்களுக்கே வசதியா இருக்குமான்னு சந்தேகங்கற மாதிரி போகுது. இன்னிக்கு அந்த வார்த்தைக்கு நடத்தை கெட்டதுங்கற வாடை இருக்கு, அதனால புதுசா படிக்கிறவங்க அந்தப் பெண்ணோட ஒழுக்கத்த அவர் கேவலப்படுத்திட்டாருன்னு குறிப்பு எழுதிடறாங்க. அப்போ அதுக்கு 'வேறுபாடில்லாம எல்லாரோடயும் கலந்து'ன்னுதான் அர்த்தம். கதவ மூடினது அநியாயம், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல, ஆனா அவர் சொல்லாத வசவ அவர் வாயில திணிக்கக் கூடாது.

அழகுபடுத்துறது

இதுதான் எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்ற தப்பு, இதப் பத்தி நெறைய சொல்லணும்.

ஸ்பார்க்ஸ் 1834ல இருந்து 1837க்குள்ள வாஷிங்டனோட எழுத்துக்கள 12 வால்யூமா கொண்டுவந்தார். சாதாரண உழைப்பில்ல. ஆனா வாஷிங்டன் பேச்சுவாக்குல எழுதின இடங்கள்ல எல்லாம் கை வச்சிருந்தார். இஸ்ரேல் பட்னம்ங்கற தளபதிய வாஷிங்டன் செல்லமா 'ஓல்ட் பட்'னு எழுதியிருந்தா, புத்தகத்துல 'ஜெனரல் பட்னம்'. ஒரு லட்சம் டாலர் நம்ம தேவைக்கு வெறும் தெள்ளுப்பூச்சி கடின்னு எழுதியிருந்தா, அதாவது நம்ம யானைப் பசிக்கு சோளப்பொரி மாதிரி, புத்தகத்துல 'முற்றிலும் போதாது'. அர்த்தம் மாறலயேன்னு தோணும். ஆனா கையில காசில்லாம ஒரு படைய வச்சுக்கிட்டு அல்லாடின மனுஷனோட குரல் அந்த தெள்ளுப்பூச்சிக்குள்ளதான் இருக்கு, அது போனதும் மிச்சம் இருக்கறது ஆபீஸ் குறிப்பு.

அதே கடிதங்கள்ல சிலத 1847ல, வாஷிங்டனுக்கு செயலாளரா இருந்த ஜோசப் ரீடோட பேரன் ஒரிஜினல வச்சு வெளியிட்டப்போ வித்தியாசம் தெரிஞ்சுபோச்சு. 1851ல இங்கிலாந்துல லார்ட் மஹோன்ங்கற வரலாற்றாசிரியர் பகிரங்கமா குத்தம் சொன்னார், அப்போ ஸ்பார்க்ஸ் ஹார்வர்ட் பிரசிடெண்டா இருக்கார், நாற்காலில உக்காந்துட்டே பதில் எழுத வேண்டிய நிலம. எழுத்துப்பிழை, இலக்கணப்பிழைய சரி பண்றது எடிட்டரோட கடமைன்னு நெனச்சேன்னார். அனுப்பின கடிதத்துக்கும் வாஷிங்டன் கையில வச்சிருந்த காப்பி நோட்டுக்கும் வித்தியாசம் உண்டுன்னும் சொன்னார். அது நெசமும்கூட, வாஷிங்டன் தன்னோட இளவயசு கடித நோட்டுகள பிற்காலத்துல தானே திருத்தி மறுபடி எழுத வச்சிருக்கார். இல்லாதத சேத்தார்ங்கற குத்தச்சாட்ட மஹோன் பிற்பாடு வாபஸ் வாங்கினார். ஸ்பார்க்ஸ் ஏமாத்துக்காரர் இல்ல. நல்ல எண்ணத்தோட, மரியாதையோட கை வச்சவர், என்கிட்ட வர்ற புதுப் பசங்களும் அப்படித்தான், அதனாலதான் இவ்ளோ நேரம் இதயே பேசறேன்.

நான் பண்ணினது இது. ஒரு பெட்டில இருந்த நூத்துச் சொச்சம் கடிதங்கள டைப் பண்ணினேன், சுருக்க வார்த்தைகள விரிச்சு, எழுத்துப்பிழை திருத்தி, அடிச்ச வார்த்தைகள விட்டுட்டு, படிக்கறவங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு. ஒண்ணு, காலேஜ விட்டு நீக்கப்பட்ட பையனோட அப்பா பிரசிடெண்டுக்கு எழுதினது. பல மாசம் கழிச்சு ஒருத்தங்க சந்தேகம் கேட்டாங்கன்னு ஸ்கேன மறுபடி பெருசு பண்ணிப் பாக்கறேன், 'என் மகன்'னு எழுதி, ஒத்த கோடு இழுத்து அடிச்சிட்டு, மேல சின்ன எழுத்துல 'அந்தப் பையன்'னு போட்டிருக்கார். மசி அந்த இடத்துல மட்டும் கெட்டியா இருந்துச்சு. நான் 'அந்தப் பையன்'னு மட்டும் டைப் பண்ணியிருந்தேன். மொத்தப் பெட்டியையும் முதல்ல இருந்து பண்ணினேன், ஏழு வாரம் ஆச்சு, எங்கெல்லாம் திருத்தினேன்னு ஒரு குறிப்பும் வச்சுக்கல.

அதனால ஸ்கேன்ல இருக்கற மாதிரியே ஒரு ஃபைல், பிழையோட, அடிச்சதோட. படிக்க வசதியா வேணும்னா தனியா இன்னொரு ஃபைல். முதல் ஃபைல யாரும் தொடக் கூடாது. அது அனுப்பின கடிதமா, டிராஃப்டா, காப்பி நோட்டுல இருந்து எடுத்ததாங்கறதையும் மேலயே எழுதிடுங்க.

பின்பக்கம் காலின்னு விடறது

காலி இல்ல. 1840கள் வரைக்கும் பெரும்பாலும் கவர் கிடையாது, தாளையே மடிச்சு வெளிப்பக்கத்துல விலாசம். தபால் முத்திரை அங்க இருக்கும், கிடைச்ச தேதிய வாங்கினவர் அங்கதான் குறிச்சிருப்பார்.

துண்டு மட்டும் வெட்டி எடுக்கறது

கையெழுத்து அழகா இருக்குன்னு அந்த மூலைய மட்டும் கிராப் பண்ணி சேவ் பண்றாங்க. வாஷிங்டன் தன் முதல் பதவியேற்புக்குன்னு தயார் பண்ணி, கடைசில பேசாம விட்ட நீளமான உரை ஒண்ணு உண்டு. அத வெளியிட வேணாம்னு ஸ்பார்க்ஸ் முடிவு பண்ணினார், முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி மேடிசனும் சரின்னுட்டார். அப்புறம் வாஷிங்டன் கையெழுத்து வேணும்னு கேட்டவங்களுக்கு அந்த உரையவே துண்டு துண்டா வெட்டிக் குடுத்தார், சிலதுல ரெண்டு மூணு வரிதான். இன்னிக்கு வரைக்கும் ஆராய்ச்சிக்காரங்க அந்தத் துண்டுகளத் தேடித்தேடி ஒட்டிக்கிட்டு இருக்காங்க, நடுவுல எத்தனையோ வரி இன்னும் கெடைக்கல.