லண்டன் காலராவை வைத்து மாறிகளைப் பிரித்துப் பார்ப்போம்

ஆய்வுக்குத் தலைப்பு கிடைத்ததும் பலர் திணறுவது மாறிகளில்தான், அதாவது ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு மாறக்கூடிய விஷயங்களில்தான். வரையறையை மனப்பாடம் செய்து பயனில்லை. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செய்த ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "குடிக்கும் தண்ணீரைப் பொறுத்து காலராச் சாவு கூடுமா, குறையுமா?" எதனால் என்பதற்கான விடை சாரா மாறி: இங்கே, வீட்டுக்குத் தண்ணீர் தந்த நிறுவனம். என்ன ஆனது என்பது சார்ந்த மாறி: சாவு.

படி 2: எப்படி அளப்பது? சவுத்வார்க்-வாக்ஸால், லாம்பெத் என்ற நிறுவனங்கள் வெறும் பெயர்கள். சராசரி எடுக்க முடியாது. ஆகவே இது பெயரளவு மாறி. சாவு எண்ணாக வருவது. ஆனால் அப்படியே ஒப்பிட்டுவிடாதீர்கள். முதல் நிறுவனத்தின் 40,046 வீடுகளில் 1,263 பேர் இறந்தார்கள், லாம்பெத்தின் 26,107 வீடுகளில் 98 பேர். வீடுகளின் எண்ணிக்கையே வேறு அல்லவா? 10,000 வீட்டுக்கு எத்தனை என்று பார்த்தால் 315, 37. பூஜ்யம் என்றால் சாவே இல்லை, "எட்டு மடங்கு" என்று சொன்னாலும் பொருள் உண்டு. இது விகித அளவு மாறி.

படி 3: எவை சமமாக இருந்தன? இவை கட்டுப்பாட்டு மாறிகள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இரண்டு நிறுவனங்களின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின; ஒரு வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு மற்றொன்று. வசதியும் தெருவும் பெரும்பாலும் ஒன்றே. லாம்பெத் மட்டும் 1852இல் தேம்ஸ் நதியின் மேற்பகுதிக்கு, நகரச் சாக்கடை கலக்காத இடத்துக்கு மாறியிருந்தது. தங்கள் தண்ணீர் யாருடையது என்றே பலருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டறிய ஸ்னோ அந்தத் தண்ணீரில், உப்பிருந்தால் வெண்மையாகத் திரளும் வெள்ளி நைட்ரேட்டை விட்டுப் பார்த்தார். உப்பு மிகுந்த சவுத்வார்க் தண்ணீரில் வெண்மை அடர்த்தியாகத் திரண்டது.

படி 4: குழப்பும் மாறியைத் தேடுங்கள். சாரா மாறி, சார்ந்த மாறி இரண்டோடும் தொடர்புள்ளதால் காரணத்தைக் குழப்பிவிடும் மூன்றாவது மாறி அது. வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளர் தாழ்வான பகுதிகளில் சாவு அதிகம் என்று கண்டார். கெட்ட காற்றே காரணம் என்று தோன்றியது. கணக்கு சரிதான். ஆனால் தாழ்வான பகுதிகளுக்குத்தான் அழுக்குத் தண்ணீரும் அதிகம் போனது.

அப்புறம், உங்கள் தலைப்புக்கு வாருங்கள். இரண்டு மாறிகளையும் சேர்ந்தே தொடும் மூன்றாவது ஒன்று தென்பட்டால், அதற்கும் உங்கள் ஆய்வு வினாப்பட்டியலில் ஒரு கேள்வி வைத்துவிடுங்கள். களத்திலிருந்து திரும்பிய பிறகு அதைச் சேர்ப்பது கடினம்.