டேட்டாபேஸ் ஏபிஐ-க்கு லாகின்: சறுக்கும் இடங்கள்

கவுச்டிபி மாதிரி, பிரவுசரே நேராகப் போய்ப் பேசக்கூடிய டேட்டாபேஸின் ஏபிஐ-க்கு (நிரல்கள் வந்து பேசும் வாசல்) லாகின் அமைப்பவர்கள் பலரும் முதலில் தடுமாறுவது, சர்வர் பதிலோடு அனுப்பும் நிலை எண்களான 401-க்கும் 403-க்கும் இடையில். யாரென்று தெரியாவிட்டால் 401. ஆள் தெரியும், அனுமதிதான் இல்லை என்றால் 403. இதைக் குழப்பினால், ஏற்கெனவே லாகின் ஆனவரிடமே கிளையன்ட் (பயனர் பக்கத்து நிரல்) பாஸ்வேர்டு கேட்கும். அவர் சரியாகத்தான் அடிப்பார். அதே திரை திரும்ப வந்து நிற்கும்.

லாகின் இல்லாமல் வரும் எல்லாரையும் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது இன்னும் மோசம். மனிதருக்கு வசதிதான். ஆனால் ஸ்கிரிப்ட் அந்த வழியே போய் 200-ஐயும் (‘எல்லாம் சரி’ என்ற எண்) ஒரு எச்டிஎம்எல் பக்கத்தையும் வாங்கி வரும். பிழை வெடிப்பது, பதிலை ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) என்று நினைத்துப் படிக்கும் இடத்தில். தேடுகிறவர், பாவம், லாகின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

‘நான் யார்?’ என்று கேட்கும் முகவரிக்கு 401 தர வேண்டியதில்லை. கவுச்டிபி-யில் செஷன் (லாகின் நிலை) முகவரியைக் கேட்டால், லாகின் ஆகாதவருக்கும் 200 வரும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘நல்’ (null, அதாவது வெற்று மதிப்பு) இருக்கும். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அதில் பிழை ஏது? தவறான பாஸ்வேர்டுக்கு மட்டும் 401. அப்போதும் ‘அந்தப் பயனரே இல்லை’ என்று தனியாகச் சொல்லிவிடாதீர்கள். பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்பதோடு நிறுத்துங்கள்.

லாக்அவுட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கவுச்டிபி-யின் குக்கீ, அதாவது லாகின் அடையாளமாக பிரவுசர் வைத்திருப்பது, சர்வர் கையொப்பமிட்ட ஒரு தரவுத் துண்டு. சர்வரில் செஷன் பட்டியல் எதுவும் கிடையாது. லாக்அவுட் செய்தால் பிரவுசரில் இருப்பது அழியும், அவ்வளவுதான். வேறொருவர் நகலெடுத்திருந்தால் காலக்கெடு வரை அது செல்லும். இயல்பான கெடு 600 விநாடி. ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்த குக்கீ புதுப்பிக்கப்படும். பாஸ்வேர்டை மாற்றினால் சால்ட்டும் (பாஸ்வேர்டோடும் குக்கீயின் கையொப்பத்தோடும் கலக்கும் ஒரு தற்செயல் சரம்) மாறி, பழைய குக்கீ செல்லாமல் போகும். பாஸ்வேர்டை மாற்றாமல் ஒரு செஷனை மட்டும் உடனே ரத்து செய்ய வேண்டுமென்றால் சர்வரில் பட்டியல் வைத்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது, ஒரே தரவை இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் படிப்பது. 2017-இல் கவுச்டிபி-யில் அம்பலமான ஓட்டை (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2017-12635) இதுதான். புதுப் பயனர் கணக்கை யார் வேண்டுமானாலும் பதியலாம். ஆனால் ரோல் (அதிகாரப் பங்கு) எதையும் தானே போட்டுக்கொள்ள முடியாது. ஒருவர் ஒரே ஆவணத்தில் ரோல்ஸ் என்ற புலத்தை இரண்டு முறை எழுதினால்? முதலாவதில் அட்மின், இரண்டாவது காலி. ஜாவாஸ்கிரிப்டில் ஓடும் சரிபார்ப்பு இரண்டாவதைப் பார்த்து ‘சரி, போகலாம்’ என்றது. எர்லாங் மொழியில் ஓடும் பகுதி முதலாவதை எடுத்துக்கொண்டது. வந்தவர் அட்மின் ஆகிவிட்டார்! அந்த நவம்பரிலேயே 1.7.1, 2.1.1 பதிப்புகள் அதை அடைத்தன. உங்கள் ஏபிஐ-யில் முன்னால் ஒரு கேட்வே (கோரிக்கைகளை முதலில் வாங்கும் நிரல்), பின்னால் வேறு மொழியில் ஒரு சேவை என்றிருந்தால் இதே சோதனையை நீங்களே அனுப்பிப் பாருங்கள். இரட்டைப் புலம் வந்தால் வாசலிலேயே 400 (‘கோரிக்கை தவறு’ என்ற எண்) கொடுத்துத் திருப்பிவிடலாம்.

அப்புறம், நிறுவியவுடன் யாவரும் அட்மின் என்ற வசதி. கவுச்டிபி-காரர்கள் அதற்கு ‘அட்மின் பார்ட்டி’ என்று பெயரே வைத்திருந்தார்கள். 2020-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அட்மின் கணக்கு அமைக்காவிட்டால் சர்வர் கிளம்பவே கிளம்பாது.